‘அப்புறமா வாங்க’

ஆஸ்பத்திரிகளில் புழங்கும் ‘எலெக்டிவ்’ என்ற சொல்லுக்கு, முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யத்தக்க அறுவை சிகிச்சை என்று பொருள். நள்ளிரவில் ஓடிவந்து செய்ய வேண்டியதில்லை, அவ்வளவுதான். 2020 மார்ச் மூன்றாம் வாரத்தில், அத்தியாவசியமில்லாத எலெக்டிவ் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவையுங்கள் என்று ஒன்றிய சுகாதார அமைச்சகம் அறிவுறுத்தியது. தில்லியில் கிளம்பிய அந்த வாக்கியம் மாநிலத் தலைநகர், மாவட்டம், டீன் அலுவலகம், வார்டு என்று ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் செக்யூரிட்டியின் வாய்க்கு வந்துசேர்ந்தபோது இப்படி ஆகியிருந்தது: “அவசரக் கேஸ் மட்டும்தான். நீங்க அப்புறமா வாங்க.”

அப்புறமா என்றால் எப்போது? 2020இல் இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. 2021இல் இரண்டாம் அலை வந்தபோதும் சொல்லவில்லை. கரோனாவை எல்லோரும் மறந்துவிட்ட இன்றும், அடுத்த கொள்ளைநோய்க்குத் தயாராவது பற்றி நடக்கும் கூட்டங்களில் படுக்கை, ஆக்ஸிஜன், வெண்டிலேட்டர் என்பதைத் தாண்டிப் பேச்சு நகர்வதில்லை. நான் தென்மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் யூராலஜி மருத்துவன். சிறுநீர்ப் பாதையில் வரும் கல், அடைப்பு, கட்டி, பிராஸ்டேட் வீக்கம் ஆகியவற்றைப் பார்ப்பவன். சனங்கள் ‘கிட்னி டாக்டர்’ என்பார்கள். ‘அப்புறமா’ என்ற அந்தச் சொல் மனித உடம்புக்குள் போய் என்ன வேலை செய்கிறது என்பதை என் துறையிலிருந்து சொல்ல முடியும். சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

கல் எடுத்த பிறகு பல நோயாளிகளுக்குச் சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே ஸ்டென்ட் ஒன்று வைப்போம். இரண்டு முனையும் கொக்கிபோல் சுருண்ட மெல்லிய பிளாஸ்டிக் குழாய். வீக்கம் வடியும்வரை சிறுநீர் தடையின்றி இறங்குவதற்கான தற்காலிக ஏற்பாடு. சில வாரம் கழித்து எடுத்துவிட வேண்டும். எடுப்பது பெரிய காரியமில்லை. மரத்துப்போகும் ஜெல்லி தடவி, ஸ்கோப்பை உள்ளே விட்டுப் பிடித்து இழுத்தால் ஐந்து பத்து நிமிடத்தில் முடியும். பெரும்பாலும் மயக்க மருந்து டாக்டர்கூட வேண்டாம், வார்டில் படுக்கையும் வேண்டாம். காலையில் வந்தவர் மதிய பஸ்ஸில் ஊர் போய்ச் சேரலாம்.

எடுக்காமல் விட்டால்? குழாயின் மேல் உப்புகள் படியும். 1991இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்கிட்டிருக்கிறது. ஆறு வாரத்துக்குள் எடுத்த ஸ்டென்ட்களில் 9.2 சதவீதத்தில்தான் உப்புப் படிவு இருந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் எடுத்தவற்றில் 47.5 சதவீதம். அதையும் தாண்டியவற்றில் 76.3 சதவீதம். யூராலஜி படித்த எவருக்கும் இது பாலபாடம். கல்லை எடுத்துவிட்டு வைத்த குழாயே கல்லாகிவிடும்.

இனி காலண்டரைப் பாருங்கள். 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு முழுக்கத் தடையின்றி மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடத் தொடங்கியது செப்டம்பர் முதல் வாரத்தில்தான். பிப்ரவரியில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, ஏப்ரலில் வரச்சொல்லி அனுப்பப்பட்டவர் எப்படி வருவார்? இ-பாஸ் இருந்ததே என்பீர்கள். அந்த இ-பாஸில் என்னென்ன காரணங்களுக்கு இடமிருந்தது? கல்யாணம், சாவு, மருத்துவ அவசரம். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘மூன்று வாரம் கழித்து வரவும்’ என்று எழுதியிருப்பதை எந்த அதிகாரியும் அவசரமாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆஸ்பத்திரி வாசலில் சொன்ன அதே சொல்தான் பாஸ் கொடுக்கிற கம்ப்யூட்டரிலும் இருந்தது.

அப்படி வந்த ஒரு கொத்தனாரைச் சொல்கிறேன். வேறொரு மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தவர். இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் பாஸ் கிடைக்கவில்லை. ஒருமுறை மோட்டார் சைக்கிளிலேயே போய், வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார். அக்டோபரில் எங்களிடம் வந்தபோது எக்ஸ்ரேயில் குழாயின் இரு முனையிலும் எலுமிச்சங்காய் அளவுக்குக் கல் தெரிந்தது. ஐந்து நிமிட வேலை மூன்று ஆபரேஷனாகியது. முதுகு வழியாக ஒன்று, சிறுநீர்ப்பையில் ஒன்று, மிச்சத்தை எடுக்க இன்னொன்று. அந்தப் பக்கத்துச் சிறுநீரகம் பாதிக்கு மேல் போய்விட்டது. அவர் கேட்டது ஒன்றுதான்: “அன்னைக்கு வாசல்ல ஒரு தேதி சொல்லியிருந்தா நான் நடந்தாவது வந்திருப்பேனே சார்?”

யூராலஜியில் இதைவிட மோசமான சங்கதி ஒன்று உண்டு. சிறுநீர்க்குழாயில் கல் அடைக்கும்போது வருகிற வலி பிரசவ வலிக்கு நிகர் என்று சனங்களே சொல்வார்கள். அந்த வலியோடு வந்தவர்களுக்கு ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, அப்புறமா வாங்க என்று அனுப்பினோம். சில நாளில் பலருக்கு வலி நின்றிருக்கும். கல் விழுந்திருந்தால் நல்லது. விழாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாலும் வலி நிற்கலாம், ஏனென்றால் அடைபட்ட சிறுநீரகம் மெல்ல மெல்லச் சிறுநீர் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். முழு அடைப்பு பல வாரம் நீடித்தால் இழந்த திறன் முழுதாகத் திரும்பாது. வலி போனதே என்று அவர் குலசாமிக்குப் பொங்கல் வைத்துக்கொண்டிருப்பார், உள்ளே ஒரு சிறுநீரகம் சத்தமில்லாமல் செத்துக்கொண்டிருக்கும். ‘நிஜமாகவே அவசரமென்றால் அவர்களே வந்துவிடுவார்கள்’ என்று அன்றைக்கு நிர்வாகத்தில் பலர் சொன்ன வாதம் எவ்வளவு அறியாமை என்பதற்கு இது போதும். என் நோயாளிகளில் பலரை அவர்களுடைய நோயே வரவிடாது.

பிராஸ்டேட் வீங்கி மூத்திரம் அடைத்துக்கொண்ட பெரியவர்களுக்கு டியூப் போட்டுப் பை மாட்டி அனுப்பினோம். ஆபரேஷன் அப்புறம். சாதாரண ரப்பர் டியூப் என்றால் மூன்று நான்கு வாரத்தில் மாற்ற வேண்டும், சிலிக்கான் என்றால் சுமார் மூன்று மாதம். மாற்றாவிட்டால் அடைக்கும், கிருமி ஏறும், காய்ச்சலும் குளிருமாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இதெல்லாம் மருத்துவக் கணக்கு. கணக்கில் வராதது வேறு. மூத்திரப் பையை மஞ்சப்பைக்குள் வைத்து மறைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஓர் அறுபத்தெட்டு வயதுக்காரர், ஊரடங்கு தளர்ந்த பிறகும் பேத்தி காதுகுத்துக்குப் போகவில்லை. “நாத்தம் அடிக்கும்யா, எனக்கெதுக்கு?” என்றார். உயிருக்கு ஆபத்தில்லை என்று எங்கள் பட்டியலில் எழுதப்பட்டவர் அவர். உயிரோடு இருப்பதும் வாழ்வதும் ஒன்று என்று யார் முடிவெடுத்தது?

புற்றுநோய்க்கு வருகிறேன். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் வலியில்லாமல் மூத்திரத்தில் ரத்தம் போவது. அதுவும் இரண்டு நாள் போய்விட்டு நின்றுவிடும். சாதாரண காலத்திலேயே சனங்கள் சூடு என்று சொல்லி இளநீர் குடித்துவிட்டு இருந்துவிடுவார்கள். புற்று தசைக்குள் இறங்கிவிட்டால், கண்டுபிடித்ததிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்கு மேல் பையை எடுக்கும் அறுவை சிகிச்சையைத் தாமதித்தால் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது என்பது கரோனாவுக்கு முன்பே தெரிந்த விஷயம். பிராஸ்டேட் புற்றுநோயில் பல வகைகள் ஆறு மாதம்கூடப் பொறுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே வார்டில், பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் கிடப்பவை. இரண்டுக்கும் ஒரே ‘அப்புறமா’ என்றால் அதை மருத்துவ முடிவு என்று எப்படி ஏற்பது?

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன், அது லேசான தரப்பு இல்லை. 2020 மார்ச்சில் கவச உடை போதவில்லை. பரிசோதனைக் கருவி குறைவு. தனியார் பரிசோதனைக்கு ஐ.சி.எம்.ஆர். வைத்த உச்சவரம்பே 4500 ரூபாய். மயக்க மருந்து டாக்டர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தேவைப்பட்டார்கள். கோவிட்சர்ஜ் என்ற பன்னாட்டு ஆய்வுக்குழு 24 நாடுகளில் 1128 நோயாளிகளைப் பார்த்து 2020 மே மாதம் லான்செட்டில் எழுதியது: அறுவை சிகிச்சையை ஒட்டிக் கரோனா தொற்றியவர்களில் 23.8 சதவீதம் பேர் முப்பது நாளில் இறந்தார்கள். ஆண்களுக்கும் எழுபது வயது தாண்டியவர்களுக்கும் ஆபத்து கூடுதல். என் ஓ.பி. வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். ஆகவே நிறுத்தியது தப்பு என்று நான் வாதாடவில்லை. விரை முறுக்கிக்கொண்டு வந்த பையன்களையும் சீழ் பிடித்த சிறுநீரகத்தோடு வந்தவர்களையும் எங்கள் ஆஸ்பத்திரி ஒருநாளும் திருப்பி அனுப்பவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என் சண்டை நிறுத்திய விதத்தோடு. அதே கோவிட்சர்ஜ் குழு, பன்னிரண்டு வார உச்சகட்டத்தில் உலகெங்கும் சுமார் 2 கோடியே 84 லட்சம் அறுவை சிகிச்சைகள் ரத்தாகவோ தள்ளிப்போகவோ கூடும் என்று மதிப்பிட்டது. ஆக, தள்ளிவைத்தது உலகமே. ஆனால் ஐரோப்பிய யூராலஜி சங்கம் 2020 ஏப்ரலிலேயே தன் துறை நோய்களை நான்கு அடுக்காகப் பிரித்துக் கொடுத்தது. ஆறு மாதம் தள்ளினாலும் கெடுதி வர வாய்ப்பு மிகக் குறைவானவை. மூன்று நான்கு மாதம் தாங்கக்கூடியவை. ஆறு வாரத்துக்கு மேல் தள்ளினால் கெடுதி வர அதிக வாய்ப்புள்ளவை. தள்ளவே கூடாதவை. ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு காலக்கெடு இருப்பதைக் கவனியுங்கள். அங்கே தள்ளிவைத்தலுக்கு ஒரு முடிவுநாள் இருந்தது. நம்மிடம் ‘அவசரம்’, ‘அவசரமில்லை’ என்று இரண்டே அறைகள். இரண்டாவது அறைக்குக் கதவு உண்டு, ஜன்னல் கிடையாது.

நமக்கு அது முடியாது, நாம் ஏழை நாடு என்று சொல்லாதீர்கள். டயாலிசிஸை எடுத்துக்கொள்வோம். டயாலிசிஸ் நோயாளிகளுக்கென்று ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரலிலேயே தனி வழிகாட்டுதல் கொடுத்தது. ஏனென்றால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என்ற கெடு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. சிரமங்கள் இருந்தன, ஆனால் அது ‘அப்புறமா’ பட்டியலில் போகவில்லை. கெடு தெரிந்தால் அரசு இயந்திரம் அசையும் என்பதற்கு இதுவே சாட்சி. இந்தக் கூத்தைப் பாருங்கள்: டயாலிசிஸுக்கு வழி விட்டோம், ஒருவர் டயாலிசிஸுக்குப் போய்ச்சேராமல் தடுக்கும் ஐந்து நிமிட வேலைக்குக் கதவைச் சாத்தினோம்.

முதல் அலையில் யாருக்கும் எதுவும் தெரியாது என்று விட்டுவிடலாம். 2021 மே மாதத்தை எப்படி விடுவது? அதற்குள் கவச உடை வந்துவிட்டது. ஜனவரி 16 முதல் மருத்துவப் பணியாளர்களுக்குத் தடுப்பூசியும் வந்துவிட்டது. ஆக்ஸிஜனுக்கு நாடே அலைந்த அந்த வாரங்களில் தியேட்டரை மூடியதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இடைப்பட்ட ஓராண்டில், யார் உடம்பில் ஸ்டென்ட் இருக்கிறது, யாருக்கு டியூப் மாற்ற வேண்டும் என்று ஒரு பதிவேடு போட்டிருக்கலாமே? ‘யூராலஜிக்கு மட்டும் தனியாக எதற்கு’ என்று கேட்டார்கள். இரண்டாம் அலையிலும் அதே வாசல், அதே வாக்கியம்.

இந்த அலட்சியத்துக்குப் பணமோ கிருமியோ மட்டும் காரணமென்று நான் நம்பவில்லை. இதயம் நின்றால் செய்தி. மூத்திரம் நின்றால் சிரிப்பு. இடுப்புக்குக் கீழே உள்ள நோயைப் பற்றி யாரும் தொலைக்காட்சியில் வந்து அழமாட்டார்கள், வீட்டில் மகனிடம்கூடச் சொல்லமாட்டார்கள். பெண்களோ இன்னும் மோசம், இருமினால் நனைகிற சேலையை மறைத்துக்கொண்டு பத்து வருஷம் இருந்துவிடுவார்கள். சத்தம் போடாத நோயாளியைப் பட்டியலின் அடியில் தள்ளுவது எந்த நிர்வாகத்துக்கும் சுலபம். தினமும் மாலை தொற்று இத்தனை, மரணம் இத்தனை என்று எண்ணிச் சொன்னோம். அந்த அறிக்கையில் செத்துப்போன சிறுநீரகங்களுக்கு ஒரு வரியும் இல்லை.

நான் கேட்பதெல்லாம் சாதாரணக் காரியங்கள். ஸ்டென்டோ டியூபோ வைத்து அனுப்பும் ஒவ்வொருவருக்கும், எடுக்க வேண்டிய கடைசித் தேதியும் போன் நம்பரும் பதிவேட்டில் ஏற வேண்டும். தேதி நெருங்கும்போது கூப்பிட ஓர் ஆள் வேண்டும். 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஸ்டாஃப் நர்ஸ்கள் இருக்கிறார்கள், டியூப் மாற்றுவதை அங்கேயே செய்யலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸுக்கான பைகளைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நோயாளிதான் வர வேண்டும் என்பது இயற்கை விதி இல்லை என்று அரசே காட்டிவிட்டது. எந்தக் கொள்ளைநோயிலும் மாவட்டத்துக்கு ஒரு சிறு தியேட்டராவது தொற்றில்லாத நோயாளிகளுக்கென்று திறந்திருக்க வேண்டும். அந்தத் தியேட்டருக்கு வெண்டிலேட்டர் கட்டில்கள் தேவைப்படாது, எங்கள் வேலையில் பெரும்பகுதி முதுகில் போடும் ஊசியோடு முடிந்துவிடும். தள்ளிவைக்கும் ஒவ்வொரு சீட்டிலும் எதுவரை என்ற தேதியும், தள்ளிவைத்த மருத்துவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட வேண்டும் என்றாலே பாதிப் பேர் யோசித்துத் தள்ளிவைப்பார்கள்.

இதைப் படிப்பவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது கல் ஆபரேஷன் ஆகியிருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து, ஸ்டென்ட் என்று எழுதியிருக்கிறதா, எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். எடுக்கவில்லை என்றால் நாளைக்கே கூட்டிப் போங்கள். வாசலில் யாராவது அப்புறமா வாங்க என்றால், எந்தத் தேதி என்று கேளுங்கள். எழுதி வாங்காமல் நகராதீர்கள்.