டிரம் தண்ணீரும் முறைக்காய்ச்சலும்

கேள்வி: ‘‘மாடித்தோட்டத்துக்காக டிரம்களில் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். வீட்டில் பழைய கிணறும் உண்டு. பக்கத்தில் சாக்கடை இல்லை. ஆனாலும் மகனுக்கு மலேரியா வந்து குணமாகி, மூன்று மாதத்தில் திரும்பவும் வந்துவிட்டது. தோட்டத்தை எடுத்துவிட வேண்டுமா?’’

- வாசகி, திருவொற்றியூர்.

பதில்: தோட்டத்தை எடுக்க வேண்டியதில்லை. முதலில் மகனின் சிகிச்சையைக் கவனியுங்கள். மலேரியா திரும்ப வரப் புதிய கொசுக்கடிதான் காரணம் என்பதில்லை. ‘வைவாக்ஸ்’ வகைக் கிருமி கல்லீரலில் உறங்கிக் கிடந்து, சில மாதங்கள் கழித்தும் எழும். குளோரோகுயின் மாத்திரை 3 நாள்களில் காய்ச்சலை அடக்கும். உறங்கும் கிருமியை அழிக்க, பிரைமாகுயின் 14 நாள்கள் தேவை. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துவது, கோரையின் புல்லை அறுத்துவிட்டுக் கிழங்கை மண்ணில் விடுவதற்குச் சமம். ஆனால் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது. மருத்துவர் சொல்லாமல் சாப்பிடக் கூடாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

அடுத்தது தண்ணீர். நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் ‘அனாபிலஸ் ஸ்டீபன்சி’ கொசு, சாக்கடையைவிட நல்ல தண்ணீரையே விரும்பும். கிணறு, மேல்நிலைத் தொட்டி, டிரம் எல்லாம் அதற்கு நாற்றங்கால். அனாபிலஸ் புழு நீர்மட்டத்தோடு படுத்துக் கிடக்கும். மற்ற கொசுப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கும். வெயில் காலத்தில் பத்து நாள்களுக்குள் முட்டை கொசுவாகிவிடும். அதனால் வாரம் ஒருமுறை டிரம்மைக் காலிசெய்து, உட்புறம் தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். தண்ணீர் பிடித்ததும் மூடியோ கொசுவலைத் துணியோ போட்டு இறுக்கிக் கட்டுங்கள். கிணற்றுக்கும் வலை போடலாம். புழு தின்னும் கம்பூசியா மீன் விடலாம். அந்த மீனை ஏரி, குளங்களில் விடக் கூடாது. நாட்டு மீன் குஞ்சுகளைத் தின்றுவிடும்.

பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை டிரம்மில் ஊற்றவே கூடாது. மருந்தை மட்டும் நம்புவதும் பலன் தராது. இந்தியாவில் 1965-ல் சுமார் 1 லட்சம் பேராகக் குறைந்த மலேரியா, 1976-ல் 64 லட்சத்தைத் தாண்டியது. டி.டி.டி.க்குக் கொசு பழகிவிட்டது. ‘ஒழிந்தது’ என்று கண்காணிப்பும் தளர்ந்தது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்துக் காய்ப்புழுவிடம் தோற்ற பருத்தி விவசாயிகளுக்கு இது புரியும்.

வாரத்தில் ஒரு கிழமையை டிரம் கழுவும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொசு காம்பவுண்டு சுவர் பார்ப்பதில்லை.