கையெழுத்து போடுவது சுலபம், எடுப்பதுதான் கஷ்டம்

எங்கள் துறை மன்றத்துக்கு ஒரு வங்கிக் கணக்கு உண்டு. காசோலைக்கு மூன்று பேரில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். பொருளாளராக இருந்த அண்ணன் படிப்பை முடித்து சென்னைக்கு வேலைக்குப் போய் எட்டு மாசம் ஆச்சு. போன வாரம் பார்த்தால், வங்கியில் அவர் கையெழுத்து இன்னும் செல்லுபடி! நல்லவேளை, அண்ணன் நல்லவர். (கணக்கில் இருந்ததும் நாலாயிரத்துச் சொச்சம்தான், ஹி ஹி.)

இதே கதை பிளாக்செயின் உலகில் 60 கோடி டாலருக்கு மேல் நடந்திருக்கிறது.

ஒரு பிளாக்செயினில் இருக்கும் டோக்கனை இன்னொன்றுக்கு அப்படியே அனுப்ப முடியாது. இந்தப் பக்கம் பூட்டி வைத்துவிட்டு, அந்தப் பக்கம் ஈடான டோக்கன் தருவார்கள். இதுதான் பாலம். அடகுக்கடை மாதிரி: நகை பெட்டகத்தில், சீட்டு நம் கையில். பெட்டகம் காலியானால் சீட்டு வெறும் காகிதம். அதனால் எந்தப் பாலத்தை அனுமதிப்பது என்று டோக்கன் வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் வழக்கம் பல இடங்களில் உண்டு.

அது இழுக்கும், சாமி! 2023 தொடக்கத்தில் யூனிஸ்வாப்பை பிஎன்பி செயினுக்குக் கொண்டுபோக எந்தப் பாலம் என்பதில் பெரிய ரகளை. ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் நிறுவனம் 1.5 கோடி ஓட்டுகளை எதிராகப் போட்டது. போட்டிப் பாலத்தில் அவர்கள் முதலீடு இருந்தது! தீர்மானம் எப்படியோ ஜெயித்தது. பிறகு பாலங்களை ஆராய ஒரு குழுவே போட்டார்கள். சின்னக் குழு, சீக்கிரம் முடிவு. அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் நடந்த கோப்புச் சண்டையைப் பார்த்த புதுச்சேரிக்காரனுக்கு இது இனிக்கத்தான் செய்யும். நானும் எதிர்க்கவில்லை.

ஆனால் ரோனின் பாலத்தைப் பாருங்கள். ஆக்ஸி இன்ஃபினிட்டி விளையாட்டுக்காக ஸ்கை மேவிஸ் நிறுவனம் கட்டியது. அப்போது 9 பேரில் 5 பேர் கையெழுத்துப் போட்டால் பணம் வெளியே வந்தது. 4 சாவிகள் அந்த நிறுவனத்திடமே. 2021 நவம்பரில் கூட்டம் தாங்கவில்லை. வேலை சீக்கிரம் நடக்கட்டும் என்று ஆக்ஸி டிஏஓ தன் சார்பிலும் கையெழுத்திட ஸ்கை மேவிஸுக்கு அனுமதி கொடுத்தது. டிசம்பரில் அந்த ஏற்பாடு முடிந்தது. அனுமதியை மட்டும் யாரும் திரும்ப எடுக்கவில்லை. 2022 மார்ச் 23 அன்று நிறுவனத்துக்குள் நுழைந்த திருடர்களுக்கு அந்த 4 சாவியோடு ஐந்தாவது கையெழுத்தும் கிடைத்துவிட்டது. 1,73,600 ஈதர், 2.55 கோடி டாலர் யுஎஸ்டிசி காலி. ஆறு நாள் கழித்து ஒருவர் 5,000 ஈதர் எடுக்க முடியவில்லை என்று சொன்ன பிறகுதான் விஷயமே தெரிந்தது!

ஆடிட்டிங்கில் 'இன்டர்னல் செக்' என்று மனப்பாடம் செய்கிறோமே, அதேதான். ஐந்து கையெழுத்தும் ஒரே வீட்டில் கிடைத்தால் அது ஒரு கையெழுத்துதான்.

அனுமதியை வேகப்படுத்துங்கள். ஆனால் வேகத்துக்காகக் கொடுக்கும் ஒவ்வொரு அதிகாரத்துக்கும் காலாவதி தேதி போடுங்கள். புதுப்பிக்காவிட்டால் தானாகச் சாகட்டும். பாலத்தை நிறுத்த ஒரு மணி நேரம் போதும். வரம்பை உயர்த்தவோ, பூட்டிய பணத்தைத் தொடவோ மாதக்கணக்கில் ஆனாலும் பரவாயில்லை. நம்ம ஊர்க்காரர்கள் ஆரம்பித்த பாலிகனில், பாலத்தில் சும்மா கிடக்கும் 100 கோடி டாலருக்கு மேலான பணத்தை முதலீடு செய்து வட்டி பார்க்கலாம் என்று 2024 டிசம்பரில் ஒரு யோசனை வந்தது. அப்படியானால் பாலிகனை விட்டே விலகலாம் என்று ஆவே தரப்பில் எதிர் முன்மொழிவு வந்தது. அடகு வைத்த நகையைக் கடைக்காரர் வாடகைக்கு விடுவதை ஒரு சின்னக் குழு ராத்திரியோடு ராத்திரியாக முடிவு செய்தால் ஒத்துக்கொள்வீர்களா?

டிஸ்கி: அண்ணன் பெயரை நீக்கச் சொல்லி நேற்று வங்கிக்குப் போனோம். அதற்கு அண்ணனே நேரில் வந்து கையெழுத்துப் போடணுமாம்.