குறி காட்டும் புரதங்களும் நாம் கூறும் சொற்களும்

மலர்க் குழுவினர் தமிழாசிரியராகிய எம்மிடம் இலக்கியக் கட்டுரையொன்றையே எதிர்பார்த்திருப்பர். யாமோ உணவுக்குழாய்ப் புற்றுநோயைப் பற்றி எழுதப் புகுந்தோம். இது வைத்தியர்க்குரிய துறையன்றோ எனக் கேட்பார்க்கு எமது விடை ஒன்றுண்டு. நோயை ஆராய்பவர் வைத்தியரும் விஞ்ஞானியருமே. ஆயினும் அவர் கண்டது தமிழ் மக்கள் செவிக்கு வருங்கால் சொல்லாகவே வருகின்றது. சொல் பிழைபடின் அதன் கேடு நோயாளியின் தலையில் விடிகின்றது. அவ்வளவில் இது தமிழாசிரியர்க்கும் உரிய துறையே.

புற்றுநோயைக் காட்டும் புரதம் கண்டுபிடிக்கப்பட்டது என்பது போன்ற தலைப்புக்களை நம் பத்திரிகைகளிற் காண்கின்றோம். எம் அயலவர் ஒருவர் அத்தகைய செய்தித் துணுக்கொன்றை வெட்டியெடுத்துக்கொண்டு ஓர் ஆய்வுகூடத்திற்குச் சென்று, இரத்தம் கொடுத்து, குறி எதுவும் இல்லையென்ற விடையோடு மகிழ்ந்து திரும்பினார். சோறு நெஞ்சில் தடைப்படுவதாக அவர் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். அவருக்கு வேண்டியிருந்தது இரத்தச் சோதனையன்று; கமரா விட்டுப் பார்த்தல் என மக்கள் வழங்கும் எண்டொஸ்கோப்பிச் சோதனை. அது நடைபெறுவதற்குள் மேலும் மூன்று மாதம் கழிந்தன. உணவுக்குழாய் பெரிதும் ஒடுங்கிய பின்னரே விழுங்கற் கடுமை தோன்றும் என்பதை அறிந்தார்க்கு அம்மூன்று மாதத்தின் விலை விளங்கும். (பாடநூல்கள் இவ்வுறுப்பைக் களம் என்னும். மிடற்றைக் குறிக்கும் பழஞ்சொல் அது; நல்ல சொல்லே; ஆயின் எம் மாணவர் போர்க்களத்தை நினைத்துச் சிரிப்பர்.)

அப்புரதங்கள் செய்வதுதான் யாது? பெரும்பாலும் அவை இரத்தத்திற் தேடப்படுவனவல்ல. நோய் உண்டென முன்னரே தெளிந்த ஒருவரின் கட்டியிலிருந்து சிறு துண்டெடுத்து, மெல்லிய சீவலாக்கி, பிறபொருளெதிரிகளைக் கொண்டு நிறமூட்டி, எப்புரதம் மிகுந்துள்ளது, எது குன்றியுள்ளது என நுணுக்குக்காட்டியிற் பார்க்கின்றனர். ஈ-கட்ஹீரின் என்னும் புரதம் அடுத்தடுத்த கலங்களைச் சுவரிற் கற்களைச் சாந்து பிணைப்பதுபோற் பிணைத்து நிற்பது. அது குன்றிய கட்டியிற் கலங்கள் தளர்ந்து பிரிகின்றன, நிணநீர்க்கணுக்களைச் சென்றடைகின்றன. உணவுக்குழாயின் சுவரில் நிணநீர்க் கான்கள் செறிந்துள்ளன. வயிற்றின் பிற உறுப்புக்களைப் போர்த்தும் புறவுறையும் அதற்கில்லை. ஆகவே பரவுதற்கு வழி எளிது.

இனி, மற்றொரு புரதக் குடும்பத்தின் வரலாறு சுவையுடையது. 1962ஆம் ஆண்டில் ஜெரோம் குரொஸ், சார்ள்ஸ் லப்பியேர் என்னும் இருவர், வாற்பேத்தை தவளையாகும்போது அதன் வால் எங்ஙனம் மறைகின்றது என ஆராய்ந்தனர். வாலின் இழையத்திலுள்ள கொலாஜனைக் கரைக்கும் நொதியமொன்று அங்கே வெளிப்பட்டது. அக்குடும்பத்து நொதியங்கள் மனிதரிடத்தில் 20க்கு மேற்பட்டவை உள்ளன. வாற்பேத்தைக்கு உருமாற்றத்திற்கு உதவும் அதே வேலையை, புற்றுக் கலங்கள் வேலியை அறுத்து வெளியேறப் பயன்படுத்துகின்றன. இவை மிகுந்த கட்டிகளிற் பரவுதலும் மிகுதி எனக் கண்ட விஞ்ஞானியர், நொதியத்தைத் தடுத்தால் நோய் நிற்கும் என எண்ணி மருந்துகள் ஆக்கினர். 1990களின் பிற்பகுதியிற் பல்வகைப் புற்றுநோயாளரிடம் அவை சோதிக்கப்பட்டன. எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. அக்குடும்பத்துட் சில கட்டியை அடக்குவனவாகவும் இருந்தன. ஒன்றோடொன்று சேர்ந்து தோன்றுவதனாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. தருக்க நூல் கற்ற நம் முன்னோர்க்கு இது புதிதன்று. பத்திரிகைக்காரர்க்குத்தான் புதிது போலும்.

இவைபோல் இன்னும் பல புரதங்கள் முன்மொழியப்பட்டுள்ளன. நாளாந்த வைத்தியத்தில் இடம் பெற்றவை மிகச் சில. ஆய்வுகள் பல சிறியன. ஒருவர் வைத்த அளவுகோலை மற்றவர் வைப்பதில்லை. இக்குறையை நீக்குதற்கென்றே 2005இல் ரீமார்க் என்னும் நெறிமுறை, ஆய்வாளர் எவற்றையெல்லாம் மறையாது வெளியிடல் வேண்டும் என வகுத்தது.

எமது கருத்து இதுவே: குறிகாட்டி என்னும் ஒரு சொல்லால் மூன்று பொருளைச் சுட்டுதல் தவறு. நோய் உண்டோ இல்லையோ எனக் காட்டுவது ஒன்று. உள்ள நோய் எவ்வழிச் செல்லும் என உரைப்பது மற்றொன்று. எம்மருந்து பயன்தரும் எனத் தெரிந்துகொள்ள உதவுவது பிறிதொன்று. முதலதைக் கண்டறிகுறி எனவும், இரண்டாவதைப் போக்குரைகுறி எனவும், மூன்றாவதைத் தெரிவுக்குறி எனவும் வழங்கலாம். இவற்றினும் நல்ல சொற்களை எவரேனும் தரின் மகிழ்வோம். நம் நாட்டு வைத்தியர் சாத்தியம், அசாத்தியம் எனப் பிரித்ததும் போக்குரைத்தலே. அதனை அவர் நோயைக் கண்டறிவதோடு மயக்கவில்லை.

போக்குரைகுறி நோயாளிக்கு எப்பொழுதும் நன்மை செய்யும் எனக் கூறவியலாது. உமது கட்டியில் இப்புரதம் குன்றியுள்ளது, ஆகவே ஆயுள் குறைவு என்று மட்டும் கூறி, வேறு செய்வதற்கு ஒன்றுமில்லையெனின், அவ்வறிவால் அவர் பெறுவது துயர் ஒன்றே. தெரிவுக்குறியோ அவ்வாறன்று. 2022இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், முற்றிய உணவுக்குழாய்ச் செதிட்கலப் புற்றுநோயாளருள், கட்டியின் கலங்களில் பீடீ-எல்1 என்னும் புரதம் 1 வீதமேனும் உடையோர்க்கு, வழமையான மருந்துகளுடன் நிவோலுமாப் சேர்க்கப்பட்டபோது, இடைநிலை வாழ்நாள் 9.1 மாதத்திலிருந்து 15.4 மாதமாக உயர்ந்தது. ஆறு மாதம் சிறிதென்பார் நோயாளியின் வீட்டிற்குச் சென்றறியாதவர். ஆனால் அம்மருந்தின் விலை நம்மவர் பலரால் எண்ணிப் பார்க்கவும் இயலாதது. குறியைச் சோதித்துக்காட்டி, மருந்தைக் காட்டாதுவிடும் நிலையை யாம் ஒப்பமாட்டோம்.

இலங்கையில் முன்னணியில் நிற்கும் புற்றுநோய்களுள் இதுவும் ஒன்று. புகையிலை சேர்ந்த தாம்பூலமும் சேராத தாம்பூலமும், பாக்குத் தானும், மனிதரிற் புற்றுநோய் விளைப்பன என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் முடிவு செய்தது. புகையிலையால் வளர்ந்த ஊரவர் நாம். இதைக் கூறுதல் நமக்கு இனிதன்று. எனினும், வெற்றிலைத் தட்டத்தைக் காண்பதற்கு நுணுக்குக்காட்டி வேண்டியதில்லை.

வைத்தியராய் விளங்கும் நம் பழைய மாணவர் இவ்வூரில் பலர் உளர். அவருள் இருவர் மூவர் முன்வருவராயின், விழுங்கற் கடுமை கண்டவர் எங்கே, எத்தனை நாளுள், எச்சோதனைக்குச் செல்லல் வேண்டும் என்பதனை ஒரு பக்க அளவிற் தெளிதமிழில் எழுதித் தரலாம். சொற்றிருத்தம் செய்யும் வேலையை யாம் ஏற்போம்; அச்சுச் செலவைச் சங்கம் ஏற்கட்டும். வெற்றிலைக் கடைகளிலும் அதனை ஒட்டலாம். கடைக்காரர் கிழித்தெறிந்தால் மறுபடியும் ஒட்டலாம்.