ஓராண்டு அவகாசமும் ஆசிரியர் கூடிக் கற்றலும்

தரம் 6 இற்கான கல்விச் சீர்திருத்தத்தை 2027 வரை ஒத்திவைப்பதென 2026 ஜனவரியில் அமைச்சரவை எடுத்த முடிவு, ஆங்கில மொடியூலில் இடம்பெற்ற தகாத இணைய முகவரி கிளப்பிய சர்ச்சையின் விளைவேயாயினும், யாழ்ப்பாண ஆசிரியருக்கு எதிர்பாராத அவகாசமொன்றைத் தந்துள்ளது. மஹரகம தேசிய கல்வி நிறுவகத்திலிருந்து வருவதைக் கேட்டுக் குறிப்பெடுக்கும் செயலமர்வுகளில் அதைக் கழிப்பதைவிட, ஆசிரியர் தாமே கூடிக் கற்பதில் செலவிடுவதே தக்கதென இவ்விதழ் கருதுகிறது.

கூடிக் கற்றலென்பது இங்கு பாட ஆய்வைக் குறிக்கும். அதாவது சிலர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட, ஒருவர் அதை நடத்த, ஏனையோர் மாணவரைக் கவனித்து, பின்னர் கூடிப் பேசித் திருத்தும் ஜப்பானிய முறை. மாணவர் வீட்டிலும் ஊரிலும் பெற்ற அறிவின்மேல் பாடத்தைக் கட்டியெழுப்பும் பண்பாட்டுக்கு இசைவான கற்பித்தல் இவ்வாறே கைகூடும். பட்டத்துக்கு முச்சை கட்டும் வல்வெட்டித்துறைச் சிறுவன், நூலின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும், பட்டம் காற்றுக்கு முகங்கொடுக்கும் சாய்வைத் தீர்மானிக்கிறான். கோணம் பற்றிய பாடத்தில் அவனே வாய்திறவாதிருப்பதைக் கற்பிப்பவர் தவறவிட்டாலும், பின்வாங்கிலிருந்து அவனையே பார்த்திருக்கும் சக ஆசிரியர் தவறவிடமாட்டார்.

ஆயினும் பட்டமும் பொங்கலும் மட்டுமே பண்பாடல்ல. அரச நன்கொடை பெற்ற பாடசாலைகளில் சமாசனம், அதாவது எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் ஒரே வரிசையில் இருக்கை, வேண்டுமென 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் பணிக்கப்பட்டபோது, பாடசாலைகளைக் கொளுத்தியேனும் அதைத் தடுக்க முனைந்தோரும் இக்குடாநாட்டினரே. இன்று வாங்கு பொதுவாகிவிட்டது. ஆனால் உரத்து வாசிக்க யார் அழைக்கப்படுகிறார், கூட்டுமாறு யாரிடம் கொடுக்கப்படுகிறது, கள்ளிறக்குவதும் வலை பொத்துவதும் தகப்பனின் தொழிலாக வகுப்பில் கூச்சமின்றிச் சொல்லத்தக்கனவா என்பவற்றை எந்த மேற்பார்வைப் படிவம் கேட்கிறது? சாதி என்ற சொல்லைத் தவிர்த்தாலே சாதி ஒழிந்ததென்று அதிகாரிகள் நம்புகின்றனர் போலும். செயலமர்வு நடந்ததற்குச் சான்றாக வரவுப் பதிவையும் நிழற்படத்தையும் கேட்பவர்கள், அதன்பின் எந்தப் பிள்ளை பேசத் தொடங்கியதென்று கேட்பதில்லை. ஆளணிப் பற்றாக்குறையுள்ள தீவகப் பாடசாலையில் சக ஆசிரியரின் வகுப்பைப் பார்க்க ஒருவருக்கு ஓய்வுப் பாடவேளை எங்கிருந்து கிடைக்குமென்றும் கேட்பதில்லை.

ஆகவே வலயங்கள் செய்யவேண்டியது, கொத்தணிப் பாடசாலைகளின் நேரசூசிகளில் பொதுவான இரு பாடவேளைகளை ஒதுக்கி, அவற்றுக்குப் பதில் ஆசிரியரை ஒழுங்குசெய்து, ஆசிரிய ஆலோசகர்களைப் புள்ளியிடுவோராக அல்லாது உடன்பார்ப்போராக அனுப்புவதாகும். அதுவும் 2027 இன் மொடியூல்கள் அச்சேறுமுன்னரே.