மேடை பெரிசு... பிள்ளை சிறிசு!

கோடை விடுமுறைக்கு லண்டனில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் கிளம்புகிறீர்கள். 'அவ்வளவு தூரம் போயிட்டு ஒரு மியூசிக்கல் பார்க்காம வர்றதா?' என்று ஆளாளுக்கு ஆசையைக் கிளப்பி விடுகிறார்கள். பாட்டும் ஆட்டமுமாகக் கதை சொல்லும் அந்தப் பிரமாண்ட நாடகங்களைக் குழந்தைகளுக்குக் காட்டவேண்டியதுதான். ஆனால், எதைக் காட்டுவது என்பதில்தான் பல பெற்றோர் கோட்டை விடுகிறார்கள்!

'ரொம்ப வருஷமா ஓடுதாம்' என்பது பெரியவர்கள் போடும் கணக்கு. 1985-ல் லண்டனில் தொடங்கிய 'லே மிஸராப்' அருமையான நாடகம்தான். ஆனால், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். வறுமை, துப்பாக்கிச் சூடு, சாவு... ஆறு வயசுப் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது? 1986-ல் தொடங்கிய 'ஃபேன்டம் ஆஃப் தி ஆபரா'வில் முகமூடி மனிதனும், மேலிருந்து விழும் சரவிளக்கும் நமக்குச் சிலிர்ப்பு. சின்னஞ்சிறுசுக்கு ராத்திரித் தூக்கம் போச்சு!

என்னைக் கேட்டால், முதல் நாடகம் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்த கதையாக இருக்கவேண்டும். கதை தெரிந்தால் பாட்டில் வரும் இங்கிலீஷ் பாதி புரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்த வகையில், 1999-ல் லண்டனுக்கு வந்த 'தி லயன் கிங்' நல்ல தொடக்கம். முதல் பாட்டிலேயே மிருகங்கள் பார்வையாளர்களுக்கு நடுவே நடந்து வரும். ஆனாலும், அப்பா சிங்கம் சாகும் காட்சியை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். இருட்டில் திடீரென்று பார்த்தால் குழந்தை உடைந்து போகும். பள்ளிக்கூடக் கதையான 'மடில்டா' கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குச் சரி. டீச்சர் என்றாலே நடுங்கும் குழந்தைக்கு அதில் வரும் தலைமை ஆசிரியை வேண்டாமே!

'ஆறு வயதுக்கு மேல்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு மணி நேர சினிமாவை உங்கள் பிள்ளை அழாமல், அலையாமல் பார்ப்பானா? அதுதான் சரியான பரீட்சை.

அடுத்தது நேரம். கோடையில் லண்டனில் இரவு ஏழரை என்றால் நம் ஊரில் நள்ளிரவு 12 மணி! போய் இறங்கி இரண்டு, மூன்று நாளில் ராத்திரிக் காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனால் பிள்ளை தூங்காமல் என்ன செய்யும்? மதியக் காட்சிக்கே போங்கள், அதுவும் ஒரு வாரம் கழித்து.

ஸ்பீக்கருக்குப் பக்கத்து சீட் வேண்டாம். சத்தம் ஆகாத குழந்தைக்குக் காதை மூடும் 'இயர் மஃப்' கொண்டு போங்கள். மின்னும் விளக்கு, புகை, வெடிச் சத்தம் உண்டா என்று டிக்கெட் வாங்கும்போதே கேளுங்கள். வலிப்பு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இது ரொம்ப முக்கியம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காகச் சத்தத்தையும் விளக்கையும் குறைத்து, இஷ்டம்போல எழுந்து போய் வரலாம் என்று தனிக் காட்சிகளே நடத்துகிறார்கள். மற்ற நேரத்தில் ஓரத்து சீட்தான் உத்தமம். பாத்ரூமுக்கு ஓட வசதி!

நம் ஊர்த் தெருக்கூத்தில் பிள்ளைகள் பாயில் படுத்துத் தூங்கி, தாளச் சத்தம் கேட்டு எழுந்து பார்ப்பார்கள். அழுதாலும் ஓடினாலும் யாரும் முறைப்பதில்லை. அங்கே அப்படி இல்லை. அதனால், இடைவேளையில் 'போலாம்மா' என்று குழந்தை கெஞ்சினால், 'எவ்வளவு காசு தெரியுமா? பேசாம உக்காரு!' என்று அதட்டாதீர்கள். எழுந்து வந்துவிடுங்கள்.

காசு போனால் சம்பாதிக்கலாம். 'நாடகமா... ஐயோ வேணாம்ப்பா' என்று பிஞ்சு மனசில் பதிந்துவிட்டால், அதை எந்தக் காசு கொடுத்து அழிப்பீர்கள்?