திருட ஒன்றுமில்லாதவர் யாருமில்லை

பினாங்கு லிட்டில் இந்தியாவில், குயின் ஸ்ட்ரீட்டிலோ மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலோ எந்தக் கடையில் இணைய மோசடியைப் பற்றிப் பேச்செடுத்தாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நம்மகிட்ட என்னண்ணே இருக்கு, அவன் வந்து திருட?" ஹேக்கர் என்றால் வங்கியை உடைப்பான், விமான நிலையத்தை முடக்குவான், மளிகைக் கடைக்காரரையும் ஆலைத் தொழிலாளியையும் தேடி ஏன் வரப்போகிறான் என்பது அவர்கள் போடும் கணக்கு. அந்தக் கணக்கு அடியோடு தப்பு. ஏமாந்து நிற்பவர்களில் பலர், ஏமாறும் நாள்வரை இதையே சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தாம்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்ததுதான். பெரிய இடத்தில் நடந்தால் செய்தியாகிறது. 2025 மார்ச்சில் மலேசிய விமான நிலைய நிறுவனத்தின் கணினிகளைத் தாக்கியவர்கள் 1 கோடி அமெரிக்க டாலர் கேட்டார்கள். தர முடியாது என்று மறுத்துவிட்டதாகப் பிரதமர் அன்வார் இப்ராஹிமே அறிவித்தார். எல்லாத் தொலைக்காட்சியிலும் அது ஓடியது. ஆயர் ஈத்தாமில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையின் சேமிப்பு ஒரே பிற்பகலில் காணாமல் போனால், அது காவல் நிலையப் புகாரோடு முடிந்துவிடுகிறது. தலைப்புச் செய்திகளை மட்டும் பார்ப்பவருக்குத் திருடர்கள் மாளிகைக்கு மட்டுமே போகிறார்கள் என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் 2017 அக்டோபரில் வெளிவந்ததை நினைத்துப் பாருங்கள். மலேசியக் கைத்தொலைபேசிச் சந்தாதாரர்களின் 4 கோடியே 62 லட்சம் பதிவுகள் இணையத்தில் விலைக்கு வந்திருப்பதை லோயாட்.நெட் தளம் கண்டுபிடித்துச் சொன்னது. அப்போது நாட்டின் மக்கள்தொகை சுமார் 3 கோடியே 20 லட்சம். பெயர், முகவரி, அடையாள அட்டை எண், தொலைபேசி எண், சிம் அட்டையின் விவரம் என எல்லாம் அதில் இருந்தன. பதிவுகள் 2014-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. விஷயம் வெளியே வர 3 ஆண்டுகள் ஆயின. அந்தப் பட்டியலைத் திருடியவன் பணக்காரர், ஏழை என்று பிரித்துப் பார்க்கவில்லை. மொத்தமாக அள்ளினான், மொத்தமாக விற்றான். 'என்னைத் தேடி வரமாட்டான்' என்றவர்களை யாரும் தேடத் தேவையே ஏற்படவில்லை.

சரி, ஐ.சி. எனும் அடையாள அட்டை எண் போனால் என்ன? அந்த 12 இலக்கங்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். முதல் 6 இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த 2 பிறந்த மாநிலம். பினாங்குக்காரருக்குப் பெரும்பாலும் 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். கடவுச்சொல் திருடு போனால் மாற்றிவிடலாம். பிறந்த தேதியை மாற்ற முடியாது. 2024 ஜனவரியில் 'பாடு' என்ற அரசாங்கத் தரவுத்தளம் தொடங்கியபோது, ஒருவரின் ஐ.சி. எண்ணும் அஞ்சல் குறியீடும் தெரிந்தாலே அவர் பெயரில் இன்னொருவர் பதிந்துகொள்ள முடியும் என்று முன்னாள் துணை அமைச்சர் ஓங் கியான் மிங் சுட்டிக்காட்டினார். அதன் பிறகே அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. அப்படிப்பட்ட எண்ணைத்தான் நாம் புலன (வாட்ஸ்அப்) குழுவில் படமாக அனுப்புகிறோம், அடுக்குமாடி வாசலில் காவலாளியிடம் அட்டையோடு கொடுத்துவிட்டுப் போகிறோம்.

இந்த விவரங்கள் எதற்குப் பயன்படுகின்றன? நம்ப வைப்பதற்கு. மக்காவ் மோசடி என்று நாம் அறிந்த அழைப்பில் எதிர்முனைக்காரன் தன்னைக் காவல்துறை என்றோ நீதிமன்றம் என்றோ வருமான வரி வாரியம் என்றோ சொல்லிக்கொள்கிறான். உங்கள் முழுப் பெயரையும் ஐ.சி. எண்ணையும் வீட்டு முகவரியையும் தடங்கலில்லாமல் வாசிக்கிறான். "உங்கள் பெயரில் பண மோசடி வழக்கு இருக்கிறது, இன்றே கைது ஆணை வரும்" என்கிறான். இவ்வளவும் தெரிந்தவன் அதிகாரியாகத்தான் இருப்பான் என்று நெஞ்சு பதறுகிறது. விசாரணை முடியும்வரை 'பாதுகாப்பான' ஒரு கணக்குக்குப் பணத்தை மாற்றச் சொல்கிறான். ஏமாந்தவரைப் பேராசைக்காரர், அறிவில்லாதவர் என்று நாம் ஏசுகிறோம். அவர் ஏமாந்தது அச்சத்தால். அந்த அச்சத்துக்கு ஆதாரமாக நின்றது எங்கோ கசிந்த பட்டியல்.

வங்கியில் 200 வெள்ளிகூட இல்லாதவருக்கு எதைப் பற்றிக் கவலை என்று கேட்கலாம். அவரிடமும் திருடனுக்குத் தேவையான ஒன்று உண்டு: பெயர். 'கல்யாண அழைப்பிதழ்' என்று புலனத்தில் வரும் ஏ.பி.கே. செயலிக் கோப்பைத் தொட்டு நிறுவியதும், அவருடைய குறுஞ்செய்திகளை இன்னொருவன் படிக்கத் தொடங்குகிறான். ஆறிலக்கச் சரிபார்ப்புக் குறியீட்டை வாங்கி அவருடைய புலனக் கணக்கைப் பிடித்துக்கொண்டால், அவர் பெயரிலேயே மாமாவிடமும் நண்பனிடமும் அவசரக் கடன் கேட்கிறான். உறவும் நட்பும் தரும் நம்பிக்கையைத்தான் அவன் பணமாக்குகிறான். இன்னும் மோசம், 'மியூல்' எனப்படும் கழுதைக் கணக்கு. சில நூறு வெள்ளிக்காக ஏ.டி.எம். அட்டையை 'வாடகைக்கு' விடும் இளைஞனுக்கு, அந்தக் கணக்கு வழியாக யாருடைய பணம் போகிறது என்றே தெரியாது. காவல்துறை வந்து நிற்பது அவன் வீட்டு வாசலில்தான். 2024-இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, கணக்கையோ அட்டையையோ இப்படி அடுத்தவர் கையில் கொடுப்பதே குற்றம் என்றாகிவிட்டது. கையில் காசில்லாதவனைத்தான் இந்த வலை முதலில் தேடுகிறது.

வணிகர்களுக்கு 'நம்மிடம் என்ன இருக்கிறது' என்ற சமாதானம் சொல்லக் கொஞ்சமும் உரிமை கிடையாது. நாணய மாற்றுக் கடையில் கடப்பிதழ் நகல்கள், பயண முகவரிடம் குடும்பம் குடும்பமாகப் பயண விவரங்கள், டியூஷன் மையத்தில் பிள்ளைகளின் பெயரும் பெற்றோரின் எண்களும் கிடக்கின்றன. அவை முதலாளியின் சொத்தே அல்ல. வாடிக்கையாளர் நம்பி ஒப்படைத்த அமானிதம். 'என்னிடம் ஒன்றுமில்லை' என்று சொல்லும்போது, அடுத்தவர் பொருளை ஒன்றுமில்லை என்கிறோம்.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் பெரிய ஆலைகளுக்குப் பொருளும் சேவையும் வழங்கும் சிறு நிறுவனங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைத் தொடரிலிருந்து 4 கோடி வங்கி அட்டைகளின் விவரம் திருடு போனது. திருடர்கள் உள்ளே போன வழி, அந்தத் தொடருக்குக் குளிர்சாதன வேலை செய்துகொடுத்த ஒரு சிறு ஒப்பந்த நிறுவனத்தின் நுழைவுச் சான்று. ஒரு மின்னஞ்சலில் வந்த நச்சு நிரலில் எல்லாம் தொடங்கியது. நம் ஊரிலும் வழக்கமாகச் சரக்கு வாங்குபவரின் மின்னஞ்சலைப் பிடித்து, விலைப்பட்டியலில் வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்பினால் போதும். எழுத்து, முத்திரை, தொகை எல்லாம் சரியாக இருக்கும். பணம் மட்டும் வேறெங்கோ போகும்.

"எல்லாம்தான் ஏற்கெனவே கசிந்துவிட்டதே, இனி என்ன காப்பது?" என்று சிலர் கையை விரிக்கிறார்கள். பட்டியல் போனது உண்மை. ஆனால் கடைசிக் கட்டத்தில் குறியீட்டைச் சொல்வதும், கோப்பை நிறுவுவதும், பணத்தை அனுப்புவதும் இன்னும் நம் விரலில்தான் இருக்கின்றன.

பொறுப்பு முழுவதையும் எளியவர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கவும் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில்தான் நடப்புக்கு வந்தது. தரவு கசிந்தால் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் 2025 ஜூன் 1 முதல்தான். கூட்டரசும் மாநில அரசுகளும் இன்றும் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. நம்மைப் பற்றி அதிகம் தெரிந்து வைத்திருப்பது அரசாங்கம். அதையே சட்டம் கேள்வி கேட்காதது அநியாயம். 'என்னிடம் என்ன இருக்கிறது' என்று மக்கள் சொல்லிக்கொண்டிருக்கும்வரை இந்த அநியாயத்தைத் தட்டிக்கேட்கவும் ஆள் இருக்காது.

ஆகவே இந்தப் பேச்சை விடுங்கள். ஐ.சி. நகல் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அதன் குறுக்கே நோக்கத்தையும் தேதியையும் எழுதிக் கொடுங்கள். கடைக்காரர்கள் வேலை முடிந்த நகல்களை அழித்துவிடுங்கள். கணக்கு எண் மாறியதாக மின்னஞ்சல் வந்தால், பழைய எண்ணில் அந்த ஆளையே கூப்பிட்டுக் கேளுங்கள். புதிய கணக்குக்குப் பணம் அனுப்பும் முன் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே வங்கிக்கோ மோசடிப் புகாருக்கான 997-க்கோ அழையுங்கள். வெட்கப்பட்டுத் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம். இன்றிரவே வீட்டிலுள்ள பெரியவர்களிடமும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.