இருமல் வராத குழந்தையின் மார்பு

அட்டாக்சியா டெலாஞ்சியெக்டேசியா உள்ள குழந்தை நம் நுரையீரல் பிரிவுக்கு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. நடை தள்ளாடுகிறது என்று நரம்பியலுக்குப் போகிறார்கள். வெண்விழியில் சிவப்பு இழைகள் தெரிந்து, ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் கூடியிருப்பதும் உறுதியாகிறது. நுரையீரலைப் பற்றி மட்டும் கோப்பில் ஒரே வரி: 'இருமல் இல்லை.'

இந்த நோயில் அந்த வரியை நம்பக் கூடாது. இந்நோய்க்குக் காரணமான ஏடிஎம் மரபணு அடையாளம் காணப்பட்டது 1995இல்தான். ஆனால் இக்குழந்தைகளைச் சளித்தொற்று விடாமல் தொடர்கிறது என்பதை எலெனா போடரும் ராபர்ட் செட்ஜ்விக்கும் 1950களிலேயே எழுதிவிட்டார்கள். நோயெதிர்ப்புக் குறைவு அதற்கு ஒரு காரணம். விழுங்கும் தசைகள் ஒத்துழைக்காததால் சாப்பாடும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது இன்னொன்று. புரையேறாமலே இறங்குவதும் உண்டு. வெளியே தள்ள இருமலுக்கு வலுவும் இல்லை. உள்ளே தங்கிய சளி மூச்சுக்குழாய்களை மெல்ல மெல்ல விரித்துச் சிதைக்கிறது.

குழந்தை தண்ணீர் குடிக்கும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். குடித்ததும் குரல் சளி கட்டியதுபோல் மாறுகிறதா? ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரமாகிறது என்று அம்மாவிடம் கேளுங்கள். ஸ்பைரோமெட்ரியில் சரியாக ஊத வராத குழந்தையிடமும் இருமலின் வேகத்தை அளந்து பார்க்க முடியும். அந்த எண் வருடத்துக்கு வருடம் இறங்குவதைக் கவனித்தால் போதும்.

சிடி ஸ்கேன் விஷயத்தில் நிதானம் வேண்டும். கதிர்வீச்சால் டிஎன்ஏவில் விழும் முறிவைச் சரிசெய்யத் திணறும் உடல் இது. புற்றுநோய் அபாயமும் கூடுதல். வழக்கமான பரிசோதனையாக அதை எழுதக் கூடாது. ஆனால் ஆன்டிபயாடிக்குக்கு மசியாத நிழல், ஓய்விலும் வேகமான மூச்சு என்று வந்தால் தயங்கவும் கூடாது. அது நுரையீரல் இடைத்திசு நோயாக இருக்கலாம். ஸ்டீராய்டை ஆரம்பத்திலேயே கொடுத்தால் பலன் கிடைக்க வாய்ப்புண்டு. ஆதாரமில்லாமல் காசநோய் மருந்தைத் தொடங்கிவிட்டுக் காத்திருந்தால் அந்த வாய்ப்பு கைநழுவிப் போகும்.

நரம்பியல் நண்பர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். நோய் உறுதியான அன்றே, மூச்சு சீராக இருந்தாலும், எங்களுக்கும் பிசியோதெரபிக்கும் சேர்த்து ஒரு சீட்டு எழுதி அனுப்புங்கள்.